கையெழுத்து மட்டும் போட்டேன்

மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொய் அறிக்கை எழுதினேன். ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து இருக்கிறது.

2022 ஆகஸ்டில் எங்கள் வட்டாரத்துக் கல்லூரிகள் மூன்று கூடி ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. படிப்பில் திணறுகிற பிள்ளைகளைக் கைதூக்கிவிட ஆசிரியர்களுக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் பயிற்சி வேண்டும். அதற்கு வெளியூரிலிருந்து நிபுணரை அழைக்காமல், அக்கம்பக்கத்துக் கல்லூரிகளே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம். எங்கள் கல்லூரியின் சார்பில் ஒருங்கிணைப்பாளர் நான். பயிற்சி நடக்கவில்லை. நடந்ததாக எழுதினேன். அந்தக் காலத்தில் என் துறையிலிருந்து ஒரு மாணவி படிப்பை விட்டுப் போனாள். அவளுக்கு எது தேவையாக இருந்ததோ, அதற்காகத்தான் அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டது. அது அவளிடம் போய்ச் சேராமல் தடுத்தவன் நான்.

கல்லூரிகளின் பெயரைச் சொல்லவில்லை. அவற்றைக் காப்பாற்ற அல்ல. பெயர் சொன்னால் பழி மெல்ல மெல்ல அவற்றின் பக்கம் நகரும். பழியை அப்படி நகர்த்துவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அதனால் அந்த வழியை அடைத்துவிட்டுப் பேசுகிறேன்.

சொந்த ஊர் திமிரி. ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் இருக்கிறது. 2019 வரை வேலூர் மாவட்டம், இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஊரைச் சுற்றி நெல்லும் தறியும் உண்டு. ஆனால் மாதச் சம்பளம் வேண்டுமென்றால் பெரும்பாலும் தோல்தான். விடியுமுன் ஷூ கம்பெனி பஸ்கள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அந்த பஸ் போன பிறகு அதே நிறுத்தத்தில் அவர்களுடைய பிள்ளைகள் நோட்டுப் பையோடு அரசு பஸ்ஸுக்கு நிற்பார்கள். அந்த வீடுகளில் கல்லூரிப் படியேறுகிற முதல் ஆட்கள் அவர்கள்தான். நானும் அப்படி நின்று படிக்கப் போனவன்தான். அதைச் சொல்லியே பல மேடைகளில் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

தோல் வணிகர்களின் கொடையில் வளர்ந்த கல்லூரிகள் எங்கள் பக்கம் உண்டு. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் வந்தது. மேல்விஷாரத்தில் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் பெயரிலான கல்லூரி 1965இல் வந்தது. ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் 1969. அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய வேலூர் ஊரிசு கல்லூரி இவற்றுக்கெல்லாம் மூத்தது, 1898. என் கல்லூரி இவற்றில் ஒன்றல்ல. ஒப்பந்தத்தில் இருந்த மற்ற இரண்டும் அல்ல. நான் சொல்ல வருவது வேறு. வேலூரை நடுவில் வைத்துப் பார்த்தால் ஒன்றரை மணி நேர பஸ் தூரத்துக்குள் இத்தனை கல்லூரிகள். ஒரே மாதிரி வீடுகளிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். ஆனாலும் ஆசிரியர்களாகிய நாங்கள் சந்தித்துக்கொள்வது விடைத்தாள் திருத்தும் முகாமில் மட்டும். அங்கே அடுத்த கல்லூரிப் பிள்ளை தப்பாக எழுதியதைப் படித்துச் சிரிப்போம். நம் வகுப்புப் பிள்ளை ஏன் தோற்றான் என்று யாரும் வாய் திறக்க மாட்டோம். அடுத்த ஆண்டு அட்மிஷனுக்கு ஒரே ஊர்ப் பிள்ளைகளைத்தான் எல்லாரும் வலைபோட்டுத் தேடுகிறோம். தேர்ச்சி விகிதம் குறைவு என்ற பேச்சு வெளியே போனால் சீட்டு நிரம்பாது. அந்தப் பயத்தை நான் கல்லூரி மேல் உள்ள விசுவாசம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்தத்துக்கு நான் ஏன் ஓடினேன் என்பதையும் சொல்ல வேண்டும். மாணவருக்காக ஓடவில்லை. தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவுக்காக ஓடினேன். எங்கள் பேச்சில் 'நாக்'. 1994இல் தொடங்கிய அமைப்பு. அதன் படிவத்தில் ஒரு கேள்வி, மெதுவாகக் கற்கும் மாணவரை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், அவர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்பது. இன்னொரு கேள்வி, பிற நிறுவனங்களோடு செயலில் உள்ள ஒப்பந்தங்கள் எத்தனை என்பது. இரண்டும் நல்ல கேள்விகள்தான். கேட்டவர்கள் மேல் தப்பில்லை. ஒரே கல்லில் இரண்டையும் அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டவன் நான். அகத் தர உறுதி மையத்தின் பொறுப்பு அப்போது என் கையில் இருந்தது. மதிப்பெண் கூடினால் யாருக்குப் பெயர் வரும் என்பது எனக்குத் தெரியும்.

ஒப்பந்தத்தின் முதல் வரைவை எழுதியது நானல்ல. இன்னொரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு கௌரவ விரிவுரையாளர் எழுதினார். இளம்பெண். நிரந்தர வேலை கிடையாது. அடுத்த ஆண்டு இருப்பாரா என்பதே அவருக்குத் தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழு 1987இல் ஆசிரியர்களுக்கென்று கல்விப் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கியது. 1986 தேசியக் கல்விக் கொள்கையின் பிள்ளை அது. 2023இலிருந்து மாளவியா மிஷன் மையங்கள் என்ற புதுப் பெயரில் நடக்கிறது. அங்கே நான்கு வாரம் ஓரியண்டேஷன், மூன்று வாரம் ரெஃப்ரெஷர் என்று போய் உட்கார்ந்து, பதவி உயர்வுக்கு வேண்டிய சான்றிதழோடு திரும்பியவன் நான். அந்தப் பெண்ணுக்கு அப்படி எந்த வாய்ப்பும் வரவில்லை. இருந்தும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யோசித்தவர் அவர்தான்.

அவருடைய வரைவு இரண்டு பக்கம். என் அறைக்கு வந்து மேசையில் வைத்தார். அதில் இருந்ததை இப்போதும் சொல்ல முடியும். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு வாரம், ஒரு கல்லூரி ஆசிரியர் இன்னொரு கல்லூரி வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாடத்தை அல்ல, பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். யார் எழுதுகிறார்கள், யார் எழுதுவது போல் பேனாவை ஆட்டுகிறார்கள் என்று. மாதம் ஒரு சனிக்கிழமை கூடி ஒரே ஒரு மாணவரைப் பற்றி மட்டும் பேச வேண்டும். இதில் ஆய்வக உதவியாளர், நூலகப் பணியாளர், அலுவலக எழுத்தர் எல்லாரும் இருக்க வேண்டும். "பசங்க நம்மகிட்ட சொல்லாததை அவங்ககிட்டதான் சார் சொல்றாங்க" என்றார்.

நான் பென்சிலை எடுத்தேன்.

வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது என்ற பகுதியை முதலில் அடித்தேன். 'நடைமுறைச் சிக்கல்' என்று ஓரத்தில் எழுதினேன். உண்மைக் காரணம் அது இல்லை. பணியில் சேர்ந்த புதிதில் துறைத்தலைவர் ஒருமுறை வந்து பின்னால் நின்றார். அதன் பிறகு என் வகுப்புக்குள் மாணவரைத் தவிர யாரும் வந்ததில்லை. பழைய நோட்ஸைத்தான் சொல்லிக்கொண்டே போவேன், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். என் மகன் வயதுள்ள ஒருவர், அதுவும் தற்காலிக ஊழியர், பின்னால் உட்கார்ந்து அதைப் பார்ப்பதா? எனக்கு அது பயம். பயத்தைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து, சனிக்கிழமைக் கூட்டத்தை 'ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கு' என்று மாற்றினேன். கருத்தரங்கு என்றால் மேடை, பேனர், பொன்னாடை. எனக்குப் பழகிய இடம். ஆய்வக உதவியாளர், நூலகப் பணியாளர் என்ற வரி மிச்சம் இருந்தது. அதன் மேல் இரண்டு கோடு போட்டேன். "இவங்களுக்கு எதுக்கும்மா ஃபேகல்ட்டி டெவலப்மென்ட்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய பணி நீட்டிப்பில் என் கல்லூரிக்கு எந்தக் கையும் இல்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் யார் யாரோடு பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் வாயைத் திறக்க முடியாது என்று தெரிந்துதான் கேட்டேன்.

கையெழுத்து விழா நன்றாக நடந்தது. முதல்வர்கள் மூவரும் கோப்புகளை மாற்றிக்கொண்டார்கள். ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிக் கொடுத்தோம். அட்சரேகை தீர்க்கரேகை விழும்படி ஜியோ டேக் போட்டோ எடுத்தோம். வரைவு எழுதிய பெண் போட்டோவில் இல்லை. கூப்பிடவில்லை, அதனால் இல்லை.

என் தங்கை திமிரி ஒன்றியத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அதே ஆண்டு ஜூனில்தான் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியிருந்தது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மீட்டுக்கொடுக்கும் திட்டம். ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அவரவர் நிலையறிந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அதற்காக அவள் குறுவள மையத்துக்குப் போய்வருவாள். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடி, இந்தப் பிள்ளைக்கு 'ழ' வரவில்லை, அந்தப் பிள்ளை கழித்தலில் கடன் வாங்க மறக்கிறான் என்று பேசிக்கொள்ளும் இடம் அது. கௌரவ விரிவுரையாளர் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். பள்ளிகளுக்கு இருக்கிறது, கல்லூரிகளுக்கு இல்லை. தங்கை அட்டைகளும் கத்தரித்த படங்களுமாக வீட்டுக்கு வருவாள். "என்ன, இன்னைக்கும் பொம்மை வெட்டினீங்களா?" என்று கேலி செய்வேன். பேராசிரியர் அண்ணன் என்பதால் பொறுத்துக்கொண்டாள்.

இனி அந்த மாணவி.

2022இல் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தாள். திமிரிக்கு அப்பால் ஒரு கிராமம். அம்மா ஷூ கம்பெனியில் வேலை. அந்த ஆண்டுப் பிள்ளைகளின் கதை தனி. 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து, எல்லாரும் தேர்ச்சி. 2021இல் பதினொன்றாம் வகுப்பும் அப்படியே. 2022 மே மாதம் எழுதிய பிளஸ் டூ தேர்வுதான் அவர்கள் எழுதிய முதல் பொதுத்தேர்வு. அதுவும் குறைத்த பாடத்திட்டம். ஒரு பிள்ளைக்கு எழுத்தில் சிக்கல் இருந்தால் வழக்கமாகப் பத்தாம் வகுப்பிலாவது யாராவது கவனிப்பார்கள். இவர்களுக்கு அந்தச் சல்லடையே வைக்கப்படவில்லை. இதை நான் அறிந்திருக்க வேண்டும். சேர்க்கைக் குழுவில் இருந்தேன், மதிப்பெண் சான்றிதழ்களைக் கையால் புரட்டியவன்.

வாயால் கேட்டால் அவள் நன்றாகச் சொல்வாள். முதலாண்டில் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் சோதனை. இரும்புச் சல்பேட் கரைசலில் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிர் இளஞ்சிவப்பு நிறம் மறையாமல் நின்றால் அதுதான் முடிவுநிலை. "இதுக்குத் தனியா நிறங்காட்டி ஏன் சேர்க்கிறதில்லை?" என்று கேட்டேன். வகுப்பில் யாரும் பேசவில்லை. "அதுவே நிறம் காட்டுது சார்" என்றாள். சரியான பதில். கை பதறாமல் முடிவுநிலையை ஒரு சொட்டில் பிடிப்பாள். பெர்மாங்கனேட் கருநிறம், பியூரெட்டில் அடிவளைவு தெரியாது, மேல்மட்டத்தைத்தான் அளவெடுக்க வேண்டும். ஒருமுறை சொன்னது அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் நோட்டில் எழுதினால் எல்லாம் கலைந்துபோகும். பியூரெட்டில் 16.9. நோட்டில் 19.6. வாய்பாட்டில் எழுத்து இடம் மாறும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவாள். கரைசலில் உள்ள பொருளின் எடையைக் கணக்கிட்டால் விடை எங்கோ போய் நிற்கும். செய்முறையில் நாங்கள் பிழை விழுக்காட்டை வைத்து மதிப்பெண் போடுகிறோம். அவளுக்கு மிகக் குறைவாகவே விழுந்தது. நான் ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் 'கேர்லெஸ்' என்று எழுதினேன். சில பக்கங்களில் கோபத்தில் அடிக்கோடும் போட்டேன்.

ஆய்வக உதவியாளர் ஒருநாள் என்னிடம் வந்தார். இருபது ஆண்டுக்கு மேல் அந்த ஆய்வகத்தில் பியூரெட் கழுவி, கரைசல் கலந்து, அமிலம் பட்ட கைகளுக்கு மருந்து போட்டுவிட்டவர். "சார், அந்தப் பொண்ணு பியூரெட்டுல கரெக்டா பாக்குது. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். வாயில சொல்லும்போதும் கரெக்ட். நோட்டுல எழுதுறப்பதான் நம்பர் திரும்பிடுது. வேணும்னு பண்ற மாதிரி தெரியல" என்றார்.

ஒரு மனிதர் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "நீங்க முதல்ல அசிட்டோன் கணக்கைச் சரி பண்ணுங்க. பாடத்தை நான் பாத்துக்கிறேன்" என்றேன். வேறு மாணவர்கள் முன்னால் சொன்னேன். அதன் பிறகு அவர் எந்தப் பிள்ளையைப் பற்றியும் என்னிடம் பேசியதில்லை. பென்சிலால் இரண்டு கோடு போட்டு நான் வெளியே தள்ளியது இவரைத்தான். ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்திருந்தால் அவருக்குப் பேசவென்று ஒரு சனிக்கிழமை இருந்திருக்கும். அவர் சொன்னதை மூன்று கல்லூரி ஆட்கள் கேட்டிருப்பார்கள். அதில் ஒருவராவது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

சட்டம் இல்லாமலில்லை. 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. வாசிப்பது, எழுதுவது, கணக்கிடுவதில் வரும் கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தது. அரசு மருத்துவக் குழு பரிசோதித்துச் சான்று தந்தால் தேர்வில் சொல்வதை எழுத ஆள் கேட்கலாம். மத்திய அரசு வழிகாட்டுதல்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். சென்னை லயோலா கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவருக்கென்றே ஒரு வளமையம் இருக்கிறது. மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்த மாணவருக்கென்று பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகளே நடக்கின்றன. மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது. எல்லாம் இரண்டரை மணி நேர ரயில் தூரம். சட்டத்தின் பெயர் எனக்குத் தெரியும். சாய்தளம் கட்டியதற்குப் போட்டோ எடுத்துக் கோப்பில் வைத்தவனே நான்தான். மாற்றுத்திறன் என்றால் சக்கர நாற்காலி என்பதோடு என் அறிவு நின்றிருந்தது.

அவளுக்கு நான் செய்த ஒரே காரியம், 'மெதுவாகக் கற்போர்' பட்டியலில் பெயர் சேர்த்தது. நாக் படிவத்துக்குப் பட்டியல் வேண்டும். மாலையில் சிறப்பு வகுப்பு என்று போட்டோம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினோம். காலையில் சொன்ன அதே நோட்ஸை மாலையில் இன்னொரு முறை சொன்னோம். எழுத்துதான் அவளுடைய சிக்கல். அதிகமாக எழுதவைத்ததுதான் நாங்கள் கொடுத்த மருந்து.

முதல் பருவத்தில் சில அரியர். இரண்டாம் பருவத்தில் அதற்கு மேல். 2023 தீபாவளி விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. அம்மா மட்டும் ஒருநாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். மாற்றுச் சான்றிதழ் கேட்டார். "படிப்பு ஏறலன்னு சொல்லுது சார். எழுதுனா நீங்க கோச்சிக்கிறீங்களாம்" என்றார். குற்றம் சொல்லும் குரல் அல்ல. மகளின் தப்புக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கும் குரல். நான் ஏற்றுக்கொண்டேன். "சரிம்மா, பரவாயில்ல" என்றேன். படிப்பை விடக் காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழல்' என்று நானே எழுதினேன்.

புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். அவளுக்கு வந்துகொண்டிருந்தது. படிப்போடு அதுவும் நின்றது. அந்தப் பணத்தில்தான் தம்பிக்கு டியூஷன் கட்டினார்கள் என்று பின்னால் தெரிந்தது.

அந்த ஆண்டு அறிக்கையில் நான் எழுதியது: 'மூன்று கல்லூரிகளின் கூட்டுப் பயிற்சி சிறப்பாக நடைபெற்றது. மெதுவாகக் கற்கும் மாணவர்கள் பயனடைந்தனர்.' இணைப்பாக ஒரு வெபினாரின் பங்கேற்பாளர் பட்டியலை வைத்தேன். கொரோனாக் காலத்தில் கற்ற வித்தை அது. ஒரு சுட்டியை அனுப்பினால் ஆட்கள் உள்ளே வருவார்கள், கேமராவை அணைப்பார்கள், கடைசியில் படிவம் நிரப்பினால் மின்சான்றிதழ் தானாக வந்து விழும். 2020இல் அப்படிச் சான்றிதழ் சேர்த்ததில் நான் முன்வரிசை.

எப்போது எனக்குத் தெரிந்தது? 2024 கோடை விடுமுறையில். மாணவர்கள் வாங்காமல் விட்ட ரெக்கார்டு நோட்டுகள் ஆய்வகத்தில் சேர்ந்துகிடந்தன. பழைய பேப்பர் கடைக்குப் போடலாமென்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தங்கை வந்திருந்தாள். சும்மா ஒன்றை எடுத்துப் புரட்டினாள். ஒரு நோட்டில் நின்றாள். முன்னும் பின்னும் புரட்டினாள். ஒரு பக்கத்தை விரலால் ஓட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, இந்தப் பொண்ணுக்கு எழுத்துல ஏதோ சிக்கல் இருக்கு. எல்லாப் பக்கத்துலயும் ஒரே மாதிரிதான் திரும்புது பாரு. இது கவனக்குறைவு இல்ல. என்னன்னு டாக்டர்தான் சொல்லணும். ஆனா நம்ம கேட்டிருக்கணும் இல்ல? இப்ப எங்க இருக்கு இந்தப் பொண்ணு?"

படிப்பை விட்டுவிட்டாள் என்றேன். தங்கை அந்த நோட்டில் என் சிவப்பு எழுத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பொம்மை வெட்டுகிறாள் என்று நான் கேலி செய்தவள், ஒரு குறுவள மையத்தில் சக ஆசிரியர்களிடம் கற்ற கண்ணால் பார்த்தாள். டாக்டர் பட்டம் வாங்கிய நான் ஓராண்டுக்கு மேல் அதே பக்கங்களைத் திருத்தியிருக்கிறேன்.

இந்த இடத்தில் வாசகர் ஒன்றை எதிர்பார்ப்பார். தெரிந்த மறுநாளே ஓடியிருப்பான், அவள் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பான் என்று. இல்லை. ஓராண்டு சும்மா இருந்தேன். நாக் குழு வருகிற நேரம். ஒப்பந்தம் பொய் என்று வெளியே வந்தால் அந்தப் பகுதி மதிப்பெண் போகும், என் பெயர் போகும். அவள் வாழ்க்கையை வேறு வழியில் அமைத்துக்கொண்டிருப்பாள், இப்போது போய்க் கிளறுவது அவளுக்கே நல்லதல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 2025இல் மூன்றாவது அறிக்கையையும் எழுதினேன். முதல் இரண்டும் அலட்சியத்தில் எழுதியவை என்று யாராவது எனக்காக வாதாடலாம். மூன்றாவதை எல்லாம் தெரிந்தபின் எழுதினேன். அதே வாக்கியம். 'பயனடைந்தனர்.'

ஜூலையில்தான் போனேன். மூன்றாண்டு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க வேண்டும் என்று கோப்பு என் மேசைக்கு வந்தது. அதைத் தொட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமத்துக்குப் போனேன். அவள் இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவில் இருக்கிறாள். அம்மா போகும் அதே பஸ். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், நாற்காலி போட்டாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தப்பு உன்னுடையது இல்லை என்றேன். மருத்துவப் பரிசோதனை, கூடுதல் நேரம், மறுபடி சேர வழி, எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்துகொண்டே கேட்டாள்.

"வேலை பழகிடுச்சு சார். அங்க யாரும் எழுதச் சொல்றதில்ல" என்றாள்.

அம்மா டீ கொடுத்தார். பரிசோதனைக்கு மட்டுமாவது வா என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். இதுவரை சொல்லவில்லை. கட்டாயப்படுத்தும் உரிமை எனக்கு இல்லை. தம்பி இப்போது பத்தாம் வகுப்பு. அவனுக்கும் அதே சிக்கல் இருக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அங்கேயும் பயந்தேன். பின்னர் தங்கையிடம் சொன்னேன். அவள் அவனுடைய பள்ளி ஆசிரியரிடம் பேசியிருக்கிறாள்.

ஆய்வக உதவியாளரிடம் மன்னிப்புக் கேட்டேன், இந்த முறையும் மாணவர்கள் இருக்கும்போதே. "விடுங்க சார்" என்றார். முகம் மாறவில்லை. அந்த கௌரவ விரிவுரையாளர் இப்போது அந்தக் கல்லூரியில் இல்லை. எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். பழைய வரைவு அவரிடம் இருந்தது, அனுப்பினார். என் பென்சில் கோடுகளோடு ஸ்கேன் செய்து வைத்திருந்தார்.

புதுப்பிக்கும் கோப்பில் கடந்த மூன்றாண்டுச் செயல்பாடுகள் என்ற இடத்தில் 'எதுவும் நடக்கவில்லை' என்று எழுதினேன். அவருடைய வரைவை அடிக்காமல் அப்படியே இணைத்தேன். முதலில் பார்க்கப்பட வேண்டிய வகுப்பு என்னுடையது என்றும் சேர்த்தேன். முதல்வர் கூப்பிட்டார். முந்தைய அறிக்கைகளில் நடந்தது என்று இருக்கிறது, இதில் நடக்கவில்லை என்று இருக்கிறது, இரண்டிலும் உங்கள் கையெழுத்துத்தான், எது சரி என்று கேட்டார். நியாயமான கேள்வி. முந்தையவை பொய் என்று தனியாகக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மதிப்பீட்டுக் குழுவுக்கும் அதை அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

மற்ற இரண்டு கல்லூரிகளில் ஒன்று ஒப்புக்கொண்டது. இன்னொன்றிலிருந்து பதில் இல்லை. என் கடிதம் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் போகிறது. எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது அதிலும் என்னைப் பெரிய மனிதனாகக் காட்டும் ஆசை தெரிந்தது. அடித்துவிட்டு அனுப்பினேன்.